தரையில் இருந்தபடி பறக்கக் கற்றுத்தந்தவர்

எட்வின் லிங்க் என்ற பெயரைச் சொன்னால் என் நண்பர்களில் பெரும்பாலோர் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால், அவர்களில் சிலர் வார இறுதியில் கணினி முன் அமர்ந்து சாங்கியிலிருந்து ஓர் ஏர்பஸ் விமானத்தைக் கிளப்பி, ஹாங்காங்கிலோ சென்னையிலோ இறக்குபவர்கள். அவர்கள் செய்யும் இந்தக் காரியத்தின் முன்னோடி, ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு, பியானோ செய்யும் ஒரு தொழிற்சாலையின் அடித்தளத்தில் உருவானது என்பது பலருக்கும் தெரியாது.

நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். ஆங் மோ கியோவில் எங்கள் வீவக வீட்டில், பாடப் புத்தகங்கள் இருக்க வேண்டிய மேசையில் பாதியை ஒரு ஜாய்ஸ்டிக்கும் ஓர் இயந்திர விசைக் கருவியும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மேசைக்கு அடியில் இரண்டு கால்மிதிகள். தொடக்கக்கல்லூரி நாள்களில் தொடங்கிய பழக்கம் இது. இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு பொறியியல் படிக்கிறேன், பழக்கம் போகவில்லை. பாட்டி சில நேரம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, இன்று எந்த ஊருக்குப் போகிறாய் என்று விசாரிப்பார். சென்னை என்றால் மட்டும் சற்று நேரம் நின்று பார்ப்பார். உறவினர்கள் வந்தாலோ ஒரே கேள்விதான்: இதெல்லாம் விளையாட்டா, படிப்பா?

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோதுதான் லிங்கின் வாழ்க்கை என் கண்ணில் பட்டது. அவரிடமும் அதே கேள்வியைத்தான் உலகம் பல ஆண்டுகள் கேட்டது.

பியானோ தொழிற்சாலைப் பிள்ளை

எட்வின் ஆல்பர்ட் லிங்க் 1904ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஹண்டிங்டன் என்ற ஊரில் பிறந்தார். அவருக்கு ஆறு வயதாகும்போது குடும்பம் நியூயார்க் மாநிலத்தின் பிங்கம்டன் நகருக்குக் குடிபெயர்ந்தது. நொடித்துப்போன ஓர் இசைக்கருவி நிறுவனத்தை வாங்கி நடத்தத் தொடங்கினார் அவருடைய தந்தை. காசு போட்டால் தானாக வாசிக்கும் பியானோக்களும், பேசாத படங்கள் ஓடிய திரையரங்குகளுக்கான பெரிய ஆர்கன்களும் அங்கு தயாராயின.

இந்த இசைக்கருவிகள் எப்படி இயங்கின என்பதைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வரப்போகும் கதை முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. தானியங்கிப் பியானோவுக்குள் நீளமான காகிதச் சுருள் ஒன்று ஓடும். அதில் பாட்டுக்கு ஏற்பத் துளைகள் இருக்கும். துளை வரும் இடத்தில் காற்று உள்ளே போகும்; உடனே சிறிய தோல் துருத்தி ஒன்று சுருங்கி, உரிய கட்டையை அழுத்தும். கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் சிறிய தம்பிகள் நூற்றுக்கணக்கில் ஒரு பெட்டிக்குள் வேலை செய்வதுபோல்தான்.

லிங்க் பல பள்ளிகள் மாறிப் படித்தவர். புத்தகத்தைவிடப் பட்டறை அவரை அதிகம் ஈர்த்தது. பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் தந்தையின் தொழிற்சாலையில் சேர்ந்து, ஆர்கன்களைச் செய்யவும் பழுதுபார்க்கவும் கற்றுக்கொண்டார். காற்றழுத்தத்தைக் கொண்டு எதையும் அசைக்கலாம் என்ற அறிவு அவருக்குக் கைவந்தது அங்கேதான்.

ஐம்பது டாலர் பாடம்

1920ஆம் ஆண்டு, பதினாறு வயதில், கலிஃபோர்னியாவில் லிங்க் தம் முதல் விமானப் பாடத்துக்குப் போனார். நடிகர் சார்லி சாப்ளினின் அண்ணன் சிட்னி சாப்ளின் நடத்திய விமான நிறுவனம் அது. கட்டணம் 50 டாலர். அந்தக் காலத்தில் அது பெருந்தொகை.

பாடம் என்ற பெயரில் நடந்தது வேடிக்கைதான். பயிற்றுநர் விமானத்தைக் குட்டிக்கரணம் அடிக்கவைத்தார், சுழலவைத்தார், தரையில் இருந்தவற்றை உரசுவதுபோல் தாழப் பறந்தார். விமானம் தரையிறங்கியபோது லிங்க் ஒருமுறைகூட கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தொட்டிருக்கவில்லை.

அன்றைய நிலவரம் அப்படித்தான் இருந்தது. பறக்கக் கற்க விரும்புபவருக்கு இரண்டே வழிகள். ஒன்று, பணத்தைக் கொட்டி மேலே போய், பயிற்றுநர் மனம் வைக்கும்போது கொஞ்சம் கற்பது. மற்றொன்று, தானே முயன்று, கவனம் தவறினால் உயிரை விடுவது. வானத்தில் நிறுத்தி விளக்கம் சொல்ல வழியில்லை. இயந்திரச் சத்தத்தில் பயிற்றுநர் பேசுவது காதில் விழாது. செய்த தவற்றைத் திரும்பிப் பார்க்கவும் இயலாது. பறப்பதைக் கற்றுத்தர இது சரியான முறையாக இருக்க முடியாது என்ற எண்ணம் லிங்கின் மனத்தில் ஊன்றியது.

ஆனாலும் அவர் பறப்பதை விடவில்லை. தொடர்ந்து கற்றார். 1920களின் பிற்பாதியில் செஸ்னா நிறுவனம் வாடிக்கையாளருக்கு விற்ற முதல் விமானத்தின் உரிமையாளரானார். ஊர் ஊராகச் சென்று பயணிகளை ஏற்றிச் சுற்றிக்காட்டிப் பிழைப்பு நடத்தினார்.

துருத்தியில் அசைந்த விமானம்

1927 முதல் 1929 வரை தொழிற்சாலையின் அடித்தளத்தில் ஒரு விசித்திரமான பொருளை லிங்க் உருவாக்கிக்கொண்டிருந்தார். மரத்தால் செய்த குட்டை விமானம். கட்டையான இறக்கைகள், சின்ன வால், ஒருவர் மட்டும் உட்காரும் இருக்கை. அதைத் தாங்கிய பீடத்தில் ஆர்கனுக்குப் பயன்படும் துருத்திகளைப் பொருத்தினார். மின்சார மோட்டார் ஒன்று காற்றை உறிஞ்சும். ஓட்டுபவர் கைப்பிடியைச் சாய்த்தால் அதனுடன் இணைந்த அடைப்பான் திறக்கும், ஒரு பக்கத் துருத்தி சுருங்கும், மறுபக்கம் விரியும், விமானம் சாயும். மூக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் அதே ஏற்பாடு. கால்மிதியை அழுத்தினால் மொத்தப் பெட்டியும் பீடத்தின்மேல் சுழலும்.

பியானோவில் காகிதத் துளை செய்த வேலையை இங்கே மனிதனின் கை செய்தது. கட்டைக்குப் பதிலாக மனிதனே அசைந்தான். அவ்வளவுதான் வேறுபாடு.

1930ல் லிங்க் பிங்கம்டனில் ஒரு விமானப் பள்ளி தொடங்கினார். மாணவர்கள் முதலில் இந்தப் பெட்டியில் பயிற்சி எடுத்துவிட்டுப் பிறகு உண்மையான விமானத்தில் ஏறினார்கள். 1931ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அதன் தலைப்பிலேயே இரண்டு பயன்கள் குறிப்பிடப்பட்டிருந்தன: விமானப் பயிற்சி மாணவர்களுக்கான கருவி, அதே நேரத்தில் கேளிக்கைக் கருவி. விளையாட்டா படிப்பா என்ற கேள்விக்கு லிங்க் காப்புரிமைப் பத்திரத்திலேயே இரண்டும்தான் என்று பதில் எழுதிவைத்திருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

உலகம் முதல் பாதியை ஏற்கவில்லை. விமானப் பள்ளிகளும் ராணுவமும் அதைப் பொம்மையாகவே பார்த்தன. கேளிக்கைப் பூங்காக்கள்தான் முன்வந்து வாங்கின. காசு போட்டு ஏறிச் சிறுவர்கள் ஆடி மகிழ்ந்தார்கள்.

காலமும் அவருக்கு எதிராகவே இருந்தது. பேசும் படங்கள் வந்ததும் திரையரங்குகளுக்கு ஆர்கன் தேவைப்படவில்லை. அதன்மேல் 1929ல் பொருளியல் பெருமந்தம் வேறு. லிங்க் தளரவில்லை. விமானத்தின் இறக்கைக்கு அடியில் மின்விளக்கு எழுத்துகளைப் பொருத்தி, இரவு வானில் விளம்பரம் காட்டிச் சம்பாதித்தார். விளக்குகள் மாறி மாறி எரிவதற்கு அவர் பயன்படுத்தியதும் தானியங்கிப் பியானோவின் துளைச் சுருள் உத்தியைத்தான். 1931ல் மேரியன் கிளேட்டன் என்ற பத்திரிகையாளரை மணந்தார். தொழிலின் நிர்வாகத்தைப் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்டவர் மேரியன்.

மூடுபனியில் வந்திறங்கிய விற்பனையாளர்

அந்தக் காலத்தில் விமானத்தின் முக்கிய வேலை பயணிகளைச் சுமப்பதைவிடக் கடிதங்களைச் சுமப்பதாக இருந்தது. நம் பக்கத்துக் கதையும் அதுவே. 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா ஒற்றை இயந்திர விமானத்தில் அஞ்சல் மூட்டைகளுடன் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குப் பறந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அந்த அஞ்சலைப் பெல்லாரி வழியாக மதராஸுக்குக் கொண்டுபோனார். வழிகாட்ட வானொலி இல்லை. கண்ணில் படும் ஆறும் மலையும் ரயில் பாதையும்தான் வழித்துணை. மேகம் கவிந்தால் பாதை போயிற்று.

அமெரிக்காவில் இதே சிக்கல் 1934ல் பெருந்துயரமாக வெடித்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் தனியார் நிறுவனங்களின் அஞ்சல் ஒப்பந்தங்களை ரத்துசெய்து, அந்தப் பணியை ராணுவ விமானப் படையிடம் ஒப்படைத்தார். பகலில், தெளிந்த வானில் பறந்து பழகிய இளம் விமானிகள் நள்ளிரவிலும் பனிப்புயலிலும் அனுப்பப்பட்டனர். சில வாரங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி அவர்களில் பலருக்குப் போதுமான அளவு இல்லை.

ராணுவத்துக்கு அப்போதுதான் லிங்கின் பெட்டி நினைவுக்கு வந்தது. அதற்குள் அவர் அதில் திசைகாட்டி, உயரமானி, வேகமானி, திருப்பங்காட்டி ஆகியவற்றைப் பொருத்தி, மேலே மூடியும் போட்டிருந்தார். மூடியை இழுத்துவிட்டால் உள்ளே இருப்பவருக்குக் கருவிகளைத் தவிர எதுவும் தெரியாது. செயற்கையாக உண்டாக்கிய நள்ளிரவு அது.

அதைப் பற்றிப் பேசுவதற்காக ராணுவ அதிகாரிகள் நூவர்க் விமானத் தளத்தில் காத்திருந்தனர். அன்று கடும் மூடுபனி. இந்த வானிலையில் யாரும் பறந்து வர மாட்டார் என்று அவர்கள் புறப்படத் தயாரானார்கள். அந்த நேரத்தில் பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு சிறிய விமானம் இறங்கியது. அதை ஓட்டிவந்தவர் லிங்க். கருவிகளை மட்டும் நம்பி அவர் வந்துசேர்ந்ததைவிடச் சிறந்த விளக்கவுரை வேறு தேவைப்படவில்லை. ராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது. விலை ஒவ்வொன்றும் 3,500 டாலர்.

காது சொல்லும் பொய்

மூடிய பெட்டிக்குள் ஒருவரை உட்காரவைத்துச் சுழற்றுவதில் அப்படி என்ன பாடம் இருக்கிறது? இதைப் புரிந்துகொள்ள நம் உள்காதைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். அங்குள்ள அரைவட்டக் குழாய்களில் திரவம் இருக்கிறது. உடல் திரும்பத் தொடங்கும்போது திரவம் பின்தங்கி, நாம் திரும்புகிறோம் என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். ஆனால், ஒரே வேகத்தில் திரும்பிக்கொண்டே இருந்தால் சில விநாடிகளில் திரவமும் அதே வேகத்தைப் பிடித்துவிடும். அப்போது நேராகப் போவதாகவே மூளை நினைக்கும். திருப்பத்தை நிறுத்தினாலோ, எதிர்ப்பக்கம் திரும்புவதாகப் பொய்ச் செய்தி வரும்.

மேகத்துக்குள் இந்தப் பொய்யை நம்பும் விமானி, நேராகப் போவதாக எண்ணிக்கொண்டே சுழன்று சுழன்று கீழே இறங்குவார். நல்ல கண்பார்வையும் துணிச்சலும் உள்ளவர்களும் இப்படித்தான் மாண்டார்கள். உடல் ஒன்றைச் சொல்லும்போது கருவி வேறொன்றைச் சொன்னால் கருவியை நம்பும் பழக்கம் வேண்டும். அது புத்தகத்தில் படித்து வருவதில்லை. உடலைப் பலமுறை ஏமாறவைத்துப் பழக்க வேண்டும். வானத்தில் அந்தப் பரிசோதனையைச் செய்ய முடியாது. தரையில் முடியும்.

என்னைக் கவர்ந்தது அந்தப் பேனா

லிங்கின் கருவியைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஆடும் பெட்டியைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பெட்டிக்கு வெளியே இருந்த மேசை. பயிற்றுநர் அங்கே உட்கார்ந்திருப்பார். உள்ளே இருக்கும் கருவிகளின் பிரதி அவர் முன்னும் இருக்கும். மேசைமேல் ஒரு வரைபடம். அதன்மேல் மூன்று சக்கரங்களில் மெல்ல ஊரும் சிறிய கருவி ஒன்று. நண்டு என்று அதற்குச் செல்லப்பெயர். மாணவர் பெட்டியை எந்தப் பக்கம் திருப்பினாலும் நண்டும் அந்தப் பக்கம் திரும்பி, அவர் பறந்த பாதையை மையால் கோடாக வரைந்துவிடும்.

மூடியைத் திறந்து வெளியே வரும் மாணவர் முன்னால் அந்தக் கோடு கிடக்கும். எங்கே விலகினார், எவ்வளவு நேரம் விலகியது தெரியாமல் போனார், திருத்தியபோது தேவைக்கு மேல் திருத்தினாரா எல்லாம் அதில் இருக்கும். வாதாட இடமில்லை, வெட்கப்படவும் தேவையில்லை. யாரும் இறக்கவில்லை, விமானம் உடையவில்லை. கோட்டைப் பார்த்துப் பேசிவிட்டு மறுபடியும் உள்ளே போகலாம்.

வீட்டில் பயணிகள் விமானத்தை இயல்பாகவும் நயமாகவும் ஓட்ட விரும்புபவர்களுக்கு இதில் நேரடிப் பாடம் இருக்கிறது. விலையுயர்ந்த கணினியும் அழகான மேகங்களும் இருந்தால் பயணம் உண்மையானதுபோல் தோன்றும். ஆனால், நயம் வருவது கணக்கிலிருந்தும் பதிவிலிருந்தும்தான்.

சென்னைக்குப் போகும் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். 35,000 அடி உயரத்தில் வங்கக் கடலைக் கடந்துகொண்டிருக்கிறோம். எப்போது இறங்கத் தொடங்குவது? ஆயிரம் அடிகளில் உள்ள உயரத்தை மூன்றால் பெருக்கினால் தேவைப்படும் தூரம் கடல் மைலில் கிடைக்கும். 35ஐ மூன்றால் பெருக்க 105. வேகத்தைக் குறைக்கவும் சற்றுத் தூரம் வேண்டும் என்பதால் இன்னும் பத்துக் கடல் மைல் சேர்த்துக்கொள்ளலாம். இதைத் தவறவிட்டால் கடைசியில் செங்குத்தாக விழுவதுபோல் இறங்க நேரிடும்.

ஓடுபாதையை நெருங்கும்போது வழக்கமான இறங்குகோணம் மூன்று பாகை. தரையை ஒட்டிய வேகம் 140 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர் என்றால், அதை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள்: நிமிடத்துக்கு 700 அடி இறக்கம். இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியைச் சிறிது அசைத்து, விமானம் என்ன பதில் சொல்கிறது என்று காத்திருந்து, பிறகு மீண்டும் சிறிது அசைக்க வேண்டும். பெரிய விமானத்துக்கு எடை அதிகம். அது உடனே பதில் சொல்லாது. பொறுமை இல்லாத கை அதை ஊஞ்சலாக்கிவிடும். ஆயிரம் அடிக்குள் வேகம், இறக்கம், திசை மூன்றும் நிலைபெறவில்லை என்றால் மேலெழும்பி மறுபடி வருவதே விமான நிறுவனங்களின் வழக்கம்.

மெத்தென்று தொடுவதே நல்ல இறக்கம் என்ற எண்ணமும் முழு உண்மையில்லை. தரைக்குச் சற்று மேலே மூக்கை உயர்த்தி, மிதக்கவிட்டு, பூப்போல் இறக்க முயன்றால் ஓடுபாதையின் பெரும்பகுதி பின்னால் போய்விடும். சிங்கப்பூரின் மாலை மழையில் ஓடுபாதை நனைந்திருக்கும்போது, சக்கரங்கள் நீர்ப்படலத்தை அழுத்தித் தரையைப் பற்றும்படி சற்று உறுதியாக இறக்குவதே பாதுகாப்பு. பயணிகள் கைதட்டும் இறக்கமும் விமானி மெச்சும் இறக்கமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

நான் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஒரு குறிப்பேட்டில் நான்கு எண்களை எழுதிவைக்கிறேன்: இறங்கத் தொடங்கிய தூரம், ஆயிரம் அடியில் இருந்த வேகம், தரை தொட்டபோது இருந்த இறக்க வேகம், ஓடுபாதையில் தொட்ட இடம். பத்துப் பயணங்களின் எண்களை வரிசையாகப் பார்த்தால் நம் கையின் குணம் புரிந்துவிடும். அந்தக் குறிப்பேடு என்னுடைய நண்டு. மீண்டும் தொடங்கு என்ற பொத்தானை அழுத்திவிட்டுப் போவது எளிது. ஆனால், அப்படி அழுத்தும்போது கோடும் அழிந்துவிடுகிறது. உறவினர்கள் கேட்கும் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: கோட்டை வைத்துக்கொண்டால் படிப்பு, அழித்துவிட்டால் விளையாட்டு.

நீலப் பெட்டிகளின் காலம்

மற்ற நாடுகளும் லிங்கின் கருவியை நாடத் தொடங்கின. ஜப்பானும் வாங்கியது என்பது பின்னாளில் நடந்ததை அறிந்த நமக்கு நெருடலாக இருக்கலாம். கருவிக்குப் பகை, நட்பு தெரியாது. காலாங்கில் சிங்கப்பூரின் முதல் பயணிகள் விமான நிலையம் 1937ல் திறக்கப்பட்டபோது, கண்ணை மூடிப் பறக்கும் கலை உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தது.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் தேவை பன்மடங்காகப் பெருகியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் செய்யப்பட்டன. நேச நாடுகளின் விமானிகளில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் பயிற்சி பெற்றதாகக் கணக்கிடப்படுகிறது. நீல நிறம் பூசியிருந்ததால் நீலப் பெட்டி என்றே அழைத்தார்கள். இரவில் நட்சத்திரங்களை வைத்து வழி காணக் கற்றுத்தருவதற்காக, உயரமான கோபுரத்துக்குள் செயற்கை வானத்தையே அமைத்த மற்றொரு கருவியையும் லிங்க் உருவாக்கினார். பூங்காவில் சிறுவர்கள் ஏறி விளையாடிய பொருள் பத்தே ஆண்டுகளில் ஒரு தலைமுறை விமானிகளின் முதல் வகுப்பறையாகிவிட்டது.

போருக்குப் பிறகு துருத்திகளின் இடத்தைக் கணினிகள் பிடித்தன. லிங்க் தம் நிறுவனத்தை 1950களில் விற்றுவிட்டார். ஆனாலும் பெயர் நிலைத்தது. நிலவுக்குச் சென்ற அப்போலோ வீரர்கள் பூமியில் பயிற்சி பெற்ற பாவனைக் கருவிகளைச் செய்தது அந்த நிறுவனம்தான்.

கடலுக்கடியில் ஒரு சோதனை

ஐம்பது வயதை நெருங்கியிருந்த லிங்க் ஓய்வெடுக்கவில்லை. கடல் அவரை இழுத்தது. 1692ல் நிலநடுக்கத்தில் கடலுக்குள் மூழ்கிய ஜமைக்காவின் போர்ட் ராயல் நகரை ஆராயும் பயணத்தை 1959ல் மேரியனுடன் மேற்கொண்டார். 1962ல் மத்தியதரைக் கடலில், தாம் வடிவமைத்த உலோகக் கலத்துக்குள் முதலில் தாமே இறங்கி, 60 அடி ஆழத்தில் எட்டு மணிநேரம் தங்கிப் பார்த்தார். பிறகுதான் பெல்ஜிய முக்குளிப்பாளர் ராபர்ட் ஸ்டெனுவி 200 அடி ஆழத்தில் ஒரு நாள் முழுதும் தங்கினார். பிறரை அனுப்பும் முன் தம்மிடம் சோதித்துப் பார்ப்பது லிங்கின் வழக்கம்.

1971ல் ஜான்சன் சீ லிங்க் என்ற சிறிய நீர்மூழ்கிக் கலம் அவர் வடிவமைப்பில் உருவானது. முன்புறம் கண்ணாடிபோல் தெளிந்த கோளம். பின்புறம் முக்குளிப்பாளர்களுக்கான உலோக அறை. 1973 ஜூன் 17ஆம் தேதி ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் அருகே, கடலடியில் கிடந்த பழைய போர்க்கப்பலின் சிதைவுகளில் அந்தக் கலம் சிக்கிக்கொண்டது. உள்ளே நால்வர். மீட்பதற்கு ஒரு நாளுக்கும் மேல் ஆனது. முன் கோளத்தில் இருந்த இருவர் பிழைத்தனர். பின் அறையில் இருந்த இருவர், குளிரில் கரியமில வாயுவை உறிஞ்சும் பொருள் சரிவர வேலை செய்யாததால், உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் 31 வயது எட்வின் கிளேட்டன் லிங்க். லிங்கின் மகன்.

மற்றவர்களின் பிள்ளைகள் கற்கும்போது சாகக்கூடாது என்று வாழ்நாளைச் செலவிட்டவருக்கு நேர்ந்தது இது. இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அதற்குப் பின் அந்த மனிதர் என்ன செய்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கவே கடினமாக இருந்தது.

அவர் செய்தது, பழைய பழக்கத்தின்படி கோட்டைப் பார்த்ததுதான். எங்கே தவறியது, எது இல்லாமல் போனது? சிக்கிய கலத்தை நெருங்கிப் பார்த்துத் தடைகளை வெட்டி விடுவிக்க, ஆள் இல்லாமல் இயங்கும் கருவி எதுவும் அன்று கையருகில் இல்லை. அதை உருவாக்குவதில் இறங்கினார். மேலிருந்து கம்பிவடத்தால் இயக்கப்படும், கேமராவும் வெட்டும் கருவிகளும் பொருத்திய ஆளில்லா மீட்புக் கருவி பிறந்தது. மகனைப் பறித்த கலத்தையும் அவர் ஒதுக்கவில்லை. அது தொடர்ந்து கடலாய்வில் ஈடுபட்டது. 1986ல் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்தபோது அதன் சிதைவுகளைக் கடலடியில் தேட உதவியவற்றில் அதுவும் ஒன்று.

1981க்குப் பிறகு

எட்வின் லிங்க் 1981 செப்டம்பர் 7ஆம் தேதி, பிங்கம்டனில், 77 வயதில் காலமானார். அதே ஆண்டு ஜூலை மாதம்தான் நம் சாங்கி விமான நிலையம் செயல்படத் தொடங்கியிருந்தது. அடுத்த ஆண்டு, 1982ல், புரூஸ் ஆர்ட்விக் உருவாக்கிய மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் வீட்டுக் கணினிகளுக்கு வந்தது. லிங்கின் காப்புரிமைத் தலைப்பில் இருந்த இரண்டு பயன்களும் அதற்குப் பின் இரண்டு பாதைகளில் வளர்ந்தன. ஒரு பாதை எங்கள் மேசைகளுக்கு வந்தது. மற்றொன்று, நீரழுத்தத்தாலோ மின்சாரத்தாலோ இயங்கும் ஆறு கால்களில் நின்று ஆடும் முழுமையான பாவனைக் கருவிகளாக விமான நிறுவனங்களின் பயிற்சிக்கூடங்களுக்குப் போனது.

அனுபவமுள்ள விமானி ஒருவர் புதிய வகை விமானத்துக்கு மாறும்போது, பயிற்சி முழுவதையும் அத்தகைய கருவியிலேயே முடிக்க இன்று விதிகள் இடமளிக்கின்றன. அவர் அந்த விமானத்தை உண்மையில் முதன்முறை ஓட்டும் நாளில், பயிற்சி அளிக்கும் தலைமை விமானி ஒருவர் பக்கத்தில் இருக்க, பின்னால் பயணிகளும் அமர்ந்திருப்பார்கள். பொம்மை என்று ஒதுக்கப்பட்ட பெட்டியின்மேல் உலகம் இப்போது வைத்திருக்கும் நம்பிக்கை அவ்வளவு. அந்தக் கருவிகளிலும் பயணத்தின் ஒவ்வொரு விநாடியும் பதிவாகிறது. பயிற்சி முடிந்ததும் விமானியும் பயிற்றுநரும் அந்தப் பதிவைப் பார்த்துப் பேசுகிறார்கள். நண்டு உருமாறிவிட்டது; அதன் வேலை மாறவில்லை.

தேர்வுத்தாளில் சிவப்பு மையைப் பார்த்ததும் மடித்துப் பைக்குள் திணிப்பது நம்மில் பலருக்கு வழக்கம். மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு, எந்த வரியில் வழி மாறியது என்று பாராமலே அடுத்த தேர்வுக்குப் போய்விடுகிறோம். தவறு நேர்ந்தால் எல்லாம் போய்விடும் என்ற அச்சம் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்விலிருந்தே நம்முடன் வளர்ந்துவருகிறது. பட்டம் இல்லாத ஓர் ஆர்கன் தொழிலாளி, தவறு செய்வதற்கென்றே பாதுகாப்பான இடம் ஒன்றைக் கட்டி, அங்கே நேரும் தவறுகளை மறைக்காமல் வரைந்துகாட்ட ஒரு பேனாவையும் வைத்தார். அதனால் உயிர் பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்று எவராலும் எண்ணிச் சொல்ல முடியாது. அடுத்தமுறை மேகத்துக்குள் விமானம் குலுங்கும்போது, முன்னால் அமர்ந்திருக்கும் விமானி தம் காதை நம்பாமல் கருவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் லிங்க் இருக்கிறார்.